அழுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

ராட்டையை நிறுத்தாமலே அம்மா கேட்டாள்.

"அந்த அம்மாவே பாடுவாளா, இல்ல பாடறதுக்குன்னு வேற ஆளுங்க வருவாங்களா?"

நான் மோர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தேன். எந்த அம்மா என்று கேட்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்தில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து மகனைக் கப்பலுக்கு அனுப்பிய, பேர் தெரியாத ஓர் அம்மாவைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் அந்த நாட்டின் பேரையே வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு வைத்திருந்தவளும் இவள்தான்.

"அவங்கதான் ஆரம்பிப்பாங்களாம். அப்புறம் மத்த பொம்பளைங்க சேந்துப்பாங்களாம்" என்றேன்.

"ம்."

நூல் ஓடியது. அம்மா தார் சுற்றுகிறவள். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழல்களில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுக்கிற வேலை. அன்றைக்கு அரக்கு நிறம். விரல் நுனியெல்லாம் குங்குமம் தொட்டது மாதிரி இருந்தது.

"அழுவறப்ப சோறு போடுவாங்களா?"

"போடுவாங்க. ஆட்டம் பாட்டம்கூட இருக்குமாம்."

அம்மா மறுபடி ஒரு "ம்" போட்டாள். இந்தக் கேள்விகள் எங்கே போகின்றன என்று புரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயணம் அவள் சொல்லப்போகும் ஒரு 'சரி'யில் தொங்கிக்கொண்டிருந்தது.

மிஞ்சிய நாடு

அயர்லாந்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அது மிஞ்சியது.

காஞ்சிபுரத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். 'ஒரு நாட்டின் பண்பாடும் உலகமயமாக்கலும்' என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும். நாடுகளைப் பங்கு போட்ட அன்றைக்கு பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குத் தளம் போட்டார்கள். கொத்தனார் எங்கள் அப்பா, கலவை எடுத்துக் கொடுக்கிற ஆள் நான். மறுநாள் போனால் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் போயிருந்தன. சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வருகிற பையன்கள் முதல் பெஞ்சிலிருந்தே எல்லாவற்றையும் அள்ளிவிட்டார்கள்.

"அயர்லாந்துதான் இருக்கு, எடுத்துக்கிறியா?" என்றார் வசந்தா மேடம்.

"வேணாம்னு சொல்லலாமா மேடம்?"

"சொல்லலாம். ஆனா அதுதான் இருக்கு."

எங்கள் வீட்டில் புத்தகம் என்ற ஒன்று நுழைந்ததே என் கையோடுதான். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில். அதனால் கிடைத்ததை விடக் கூடாது என்பது எனக்கு ரத்தத்திலேயே இருந்தது. நூலகத்தில் அயர்லாந்து பற்றி இருந்த இரண்டு புத்தகங்களிலும் பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு ப்ரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். பக்கத்துத் தடுப்புகளிலெல்லாம் காதல் ஓடிக்கொண்டிருக்கும். நான் மட்டும் அயர்லாந்து படித்துக்கொண்டிருப்பேன். கடைக்காரருக்கு என்மேல் ஒரு சந்தேகம்கூட இருந்தது.

அங்கே ஒரு கல்லூரியில் கிராமப் பாடல்கள் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஆசிரியை ஒருவருக்குத் துணிந்து மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வருமென்று நினைக்கவில்லை. வந்தது. பேர் நோரா. முதல் வரியிலேயே, என்னைப் பேராசிரியர் என்றெல்லாம் அழைக்க வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடு என்றிருந்தார். அந்தத் தைரியம் வர எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

நோராவுக்குச் சண்டை போட வராது

முதலில் நான் எழுதிய கட்டுரை, புத்தகங்களில் எல்லாரும் எழுதுவதைத்தான் எழுதியது. உலகமயமாக்கல் ஒரு வெள்ளம், எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்கிற மாதிரி. நோராவோடு எழுத எழுத அது அவ்வளவு நேர்க்கோடு இல்லை என்று தெரிந்தது.

அயர்லாந்துக்காரர்களுக்குத் தங்கள் சொந்த மொழி உண்டு. பள்ளியில் எல்லாரும் படிக்கிறார்கள். ஆனால் நோராவுக்கு அந்த மொழியில் கவிதை படிக்க வருமாம், சண்டை போட வராதாம். கோபம் வந்தால் ஆங்கிலம்தான் வாயில் வருகிறதென்று எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மாவும் ரமணம்மாவும் வாசலில் நின்று தண்ணீர்க் குடத்துக்காகத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்துக்கொண்டிருந்தார்கள். ரமணம்மா எங்கள் எதிர்வீடு, அவர்கள் வீட்டுத் தறிகளுக்குத்தான் அம்மா தார் சுற்றினாள். பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் புரியாமல் கிணற்றடியில் போய் அழுதவன் நான். நான் அழுது வாங்கின மொழியை வைத்திருக்கிறவர், தன்னிடம் இல்லை என்று சொல்கிற சொந்த மொழிச் சண்டை எங்கள் வீட்டு வாசலில் இவ்வளவு தாராளமாகச் சிந்திக்கொண்டிருக்கிறதே என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உடனே இன்னொன்றும் தோன்றியது. அதே ஆங்கிலத்தை வைத்துத்தான் அந்தச் சின்ன நாட்டுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, பிழைக்க வெளிநாடு போன பிள்ளைகளில் பலர் திரும்பினார்கள். ஒன்றை இழந்த கதைக்குள்ளேயே ஒன்றைப் பிடித்துக்கொண்ட கதையும் இருந்தது.

இன்னொரு வேடிக்கை. அயர்லாந்து மதுக்கடை என்று உலகத்துப் பெரிய ஊர்களிலெல்லாம் ஒன்று உண்டாம். மேஜை, விளக்கு, சுவரில் மாட்டத் துருப்பிடித்த சைக்கிள் வரை பெட்டியில் அடுக்கி அனுப்புவார்களாம். கடைசியில் நோராவின் தெருவிலேயே இருந்த நிஜமான பழைய கடைக்காரர், வெளிநாட்டில் இருக்கிற நகல் மாதிரித் தன் கடையை மாற்றிக் கட்டினாராம். இதை வகுப்பில் வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் காந்தி ரோட்டில் புதிதாகத் திறந்த பட்டுக்கடையைச் சொன்னேன். பழைய காஞ்சிபுரம் மாதிரித் தெரிய வேண்டுமென்று மரத்தூண்களைக் கேரளத்திலிருந்து லாரியில் இறக்கியவர்கள் அவர்கள். சிரிப்பு இன்னும் பலமாயிற்று, ஆனால் வேறு மாதிரி.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் முதலில் ஆள் வருவது எங்கள் வீட்டுக்குத்தான். அம்மா ஒப்பாரி பாடுவாள். செத்தவர் யார், என்ன சாப்பிடப் பிடிக்கும், எந்த மருமகளோடு பேச்சில்லை, எல்லாம் பாட்டில் வந்துவிடும். சில வீடுகளில் அவளைத் தெருவிலேயே நிறுத்திப் பாடச் சொல்வார்கள். பாடுவாள். அந்த வீடுகளில் தண்ணீர் மட்டும் குடிக்கமாட்டாள்.

அயர்லாந்திலும் அப்படிப் பாடுகிற பெண்கள் இருந்தார்கள் என்று நோரா எழுதியிருந்தார். பாதிரிமாரும் படித்தவர்களும் அநாகரிகம் என்று சொல்லிச் சொல்லி நின்றுபோனதாம். தானே அதைப் பழைய ஒலிப்பதிவில்தான் கேட்டிருப்பதாகச் சொன்னார். இதை அம்மாவிடம் சொன்னபோது ரமணம்மா உடனிருந்தாள். "அப்போ நீ போய்ட்டா நாங்களும் டேப் ரெகார்டர் வாங்கி வெச்சிக்கணும் சரோஜா" என்றாள். "உனக்குப் பாடிட்டுத்தான்க்கா நான் போவேன்" என்றாள் அம்மா.

போனவர்

அயர்லாந்தில் ஒரு படிப்பு இருக்கிறதென்று நோராதான் சொன்னார். ஒரு வருஷப் படிப்பு, உதவித்தொகையோடு. எழுதிப் போட்டேன். கிடைத்துவிட்டது.

அப்பா செய்தியைக் கேட்டுவிட்டுச் சிமெண்டுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு, "உங்கம்மா சரின்னா சரி" என்றார். அம்மா 'சரி' சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள்.

காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு ஓர் அண்ணன். நான் கால்சட்டை போட்ட காலத்தில் பம்பாய் போய், அங்கிருந்து வளைகுடாவுக்குப் போனவர். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, ஒரு முறை ஆள் மூலமாகச் சோப்பும் போர்வையும் வந்தன. பிறகு நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அம்மாவின் அம்மா இறந்தபோது வரவில்லை. அன்றைக்கு அம்மா தன் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடின பாட்டை முசரவாக்கத்தில் இப்போதும் சொல்வார்கள்.

எனக்கு அவளை மீறிப் போகிற எண்ணம் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. தார் சுற்றின கையால் என்னை எம்.ஏ. வரை கொண்டுவந்தவள் வேண்டாமென்றால், விமானத்தில் ஏறி உட்கார்ந்து நான் என்ன படித்துவிட முடியும்?

நான் ஆறுதல் சொன்ன லட்சணம்

படித்தவன் அல்லவா, படித்ததை வைத்தே அவளைத் தேற்றலாம் என்று நினைத்தேன்.

அயர்லாந்தில் யாராவது இறந்தால் உடலைச் சுற்றி ஊர் கூடி உட்கார்ந்து கண்விழிப்பார்கள். அதற்கு 'வேக்' என்று பேர். பஞ்ச காலத்திலும் பிறகும் ஆயிரமாயிரம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். போனால் திரும்ப முடியாது. ஆகவே ஒரு பிள்ளை புறப்படுவதற்கு முந்தைய இரவு, அவன் இறந்துவிட்டால் எப்படியோ அப்படியே ஊர் கூடும். சாப்பாடு, ஆட்டம், நடுவில் அம்மாவின் ஒப்பாரி. 'அமெரிக்கன் வேக்' என்பார்கள். நோராவின் பாட்டியின் அக்காமார்களை அப்படித்தான் அனுப்பினார்களாம்.

அந்த அம்மாக்களெல்லாம் அதைத் தாங்கினார்களே, நீ ஒரு வருஷம் தாங்கமாட்டாயா என்று முடிப்பதாகத் திட்டம். முடிக்க விட்டால்தானே.

அம்மா கையில் நூல் அறுந்தது.

"உயிரோட இருக்கற புள்ளைக்கா ஒப்பாரி வெப்பாங்க?"

"அது வந்தும்மா..."

"வாய மூடு."

உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். கிழக்கே பார்த்து உட்காரவைத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்து எதிர்வீட்டில் ரமணம்மா தும்மினாள். அம்மா அடுப்புப் பக்கமிருந்தே திரும்பி, இனிமேல் இந்த வீட்டுக்குள் அந்த நாட்டின் பேரைச் சொல்லாதே என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஊருக்குப் போகிறவனை அழுது அனுப்பமாட்டார்கள். அபசகுனம். 'போறேன்' என்ற சொல்லே வரக் கூடாது, 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில், அதுவும் ஊருக்கே ஒப்பாரி பாடுகிறவளிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, இந்த வருஷம் வரவில்லை என்று நோராவுக்கு எழுதக்கூட உட்கார்ந்தேன். அன்றைக்கென்று ப்ரௌசிங் சென்டரில் கரண்ட் போய்விட்டது.

"பகல்ல வெச்சிக்கலாம்"

அதற்குப் பிறகுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். அந்த அம்மாவே பாடுவாளா, வேறு ஆள் வருவார்களா, சோறு போடுவார்களா. கேட்டுக்கொண்டே தார்களைக் கூடையில் அடுக்கினாள். கடைசியாகக் கேட்டாள்:

"அந்தப் புள்ளைங்க திரும்பி வந்துச்சிங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. பெரும்பாலும் வரவில்லை என்றேன். அப்போது கப்பல், போக ஒரு மாதம், கையில் காசும் இருக்காது. இப்போது அப்படி இல்லை, நோராவின் தம்பியே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து சொந்த ஊரில் வேலை பார்க்கிறார், பிள்ளைகளைக் கொண்டுபோன அதே உலகம்தான் இப்போது கொண்டுவந்தும் விடுகிறது என்றேன். கட்டுரையில் கடைசி வரியாக எழுதியிருந்ததையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது.

அம்மா அதையெல்லாம் அவ்வளவாகக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. அவள் வேறெங்கோ இருந்தாள்.

"எங்க அண்ணன் போனப்போ யாருமே அழுவல. உங்க ஆயா கூட அழுவல. அபசகுனம்னு எல்லாம் பல்ல கடிச்சிக்கினு சிரிச்சிக்கினே அனுப்பி வெச்சோம்." கூடையைத் தள்ளி வைத்தாள். "இவங்களுக்கு நாம இல்லாட்டி ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிக்கினு போயிருப்பான். அழுதிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"ராத்திரி வேணாம். ராத்திரின்னா நெஜமாவே சாவு வீடு மாதிரி ஆயிடும். ஞாயித்துக்கிழம பகல்ல வெச்சிக்கலாம்."

"எதைம்மா?"

"அழுவறத்த."

இப்படித்தான் எனக்கு 'சரி' கிடைத்தது.

ரசத்தோடு ஓர் ஒப்பாரி

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். சரோஜாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றும் சொன்னார்கள். ஆனால் பிரியாணி என்றதும் எல்லாரும் வந்தார்கள். முசரவாக்கத்திலிருந்து சித்தியும் அத்தைமார்களும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். அப்பா வாடகைக்கு நாற்காலி, ஷாமியானா எல்லாம் ஏற்பாடு செய்தார். ஷாமியானாக்காரர், கல்யாணமா காரியமா என்று கேட்டாராம். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும் இல்ல" என்றாராம்.

முதல் சிக்கல் நான். சாவு வீட்டில் பெண்கள் நடுவில் உடலைக் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். இங்கே நடுவில் யார்? என்னை நடுவில் உட்காரவைக்க எல்லாருக்கும் பயம். அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். என்னை ஓரமாக, கதவுப் பக்கம் உட்காரவைத்து முன்னால் இலை போடச் சொன்னாள்.

"நீ சாப்பிட்டுக்கினே இரு. சாப்பிடறவனப் பாத்தா யாருக்கும் சாவு ஞாபகம் வராது. நிறுத்தாத."

ஆக, என்னை நினைத்து ஊர் அழுத அந்த மத்தியானம் முழுக்க நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இலையைக் காலியாக விடக் கூடாது என்பது அப்பாவின் பொறுப்பு. பிரியாணி முடிந்து சோறு, சோறு முடிந்து ரசம், மறுபடி ரசம்.

பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் யாருக்கும் ஆரம்பிக்கத் தெரியவில்லை. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆரம்பி சரோஜா, சோறு ஆறுது" என்றாள் ரமணம்மா.

அம்மா கண்ணை மூடினாள்.

மெட்டு ஒப்பாரியின் மெட்டு, சந்தேகமில்லை. ஆனால் வந்த சொற்கள் தாலாட்டு. ஆராரோ என்றுதான் எடுத்தாள். பிறகு அவளே கட்டிக்கொண்டு போனாள்.

"மழ ஓயா நாடாமே, வெயிலில்லாச் சீமையாமே,
கொடியில போட்ட துணி எப்போ காயுமோ, என் கண்ணே,
விடிஞ்சது தெரியாம நீ தூங்கிக் கெடந்தாக்கா
யாரு வந்து எழுப்புவாரோ..."

சிரிப்பு வந்தது. துணி காயாததற்கு எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த அடியில் ஓர் அத்தை விசும்பினாள். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அவரவருக்குப் போனவர்கள் இருந்தார்கள். சித்தி, திருப்பூருக்குப் போன மகளைப் பாடினாள். ரமணம்மா தறியை விற்றுவிட்டுச் சூரத்துக்குப் போன கொழுந்தனைத் தெலுங்கில் பாடினாள். அம்மாவைத் தவிர எங்கள் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை, எல்லாரும் அழுதோம். அம்மா தன் அண்ணனுக்கு வந்தாள். 'எங்க இருந்தாலும் நல்லாரு, ஒரு தபா வந்துட்டுப் போ' என்று அவரிடம் கேட்டாள். நான் ரசத்தையும் கண்ணீரையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழுகிறவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"அழுவறவங்க எல்லாரும் இப்பவே அழுது முடிச்சிடுங்க. நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் கண்ணுலயும் தண்ணி வரக் கூடாது. கெளம்பற நேரத்துல அபசகுனம்."

மேளம் தட்டத் தெரிந்த பையன்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஆட்டம்தான். இதை நோராவிடம் சொன்னபோது, எங்கள் ஊரில் இந்தப் பழக்கம் போய் வெகுநாள் ஆகிறது, கடைசியாக நடந்தது காஞ்சிபுரத்தில் என்று இனிமேல் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். உலகமயமாக்கலுக்கு நான் எழுதிய கட்டுரையைவிட அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல உதாரணம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஒரு வழக்கம் ஓர் ஊரில் செத்து, இன்னோர் ஊரில், அதுவும் கொஞ்சம் திருத்தத்தோடு, ஒரு மத்தியானத்துக்காவது எழுந்து உட்கார்ந்தது.

பஸ் வரும்வரை

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் முன்னே பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அம்மா, அப்பா, ரமணம்மா. தாம்பரம் போய் அங்கிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம்.

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. பெட்டியை எண்ணினாள், ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தாள், துணி காயாவிட்டால் ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே என்றாள். கண் உலர்ந்து கிடந்தது. ரமணம்மாவும் திடமாகத்தான் நின்றாள்.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். அப்பா. வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என் அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவருக்கே அது எப்படி என்று தெரியாத மாதிரி அழுதார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேத்து இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த? அழுவறதுக்குத்தான ஊரக் கூட்டி, சோறு போட்டு வெச்சோம்?"

அப்பா துண்டை எடுத்தார். "நான் எங்க அழுதேன். ரசம் ஊத்திக்கினு இருந்தேன்."

ரமணம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அம்மா அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சரி, அழு. பஸ் வர்ற வரைக்கும்தான்."

அன்றைக்குத் தாம்பரம் பஸ் வெகுநேரம் வரவில்லை.